டிராகன் பால் இசட் கடல் தாண்டிப் போன கதை: கேள்வி பதில்

டிராகன் பால் இசட் என்ற கார்ட்டூன் தொடர் ஜப்பானில் 1989 ஏப்ரல் 26 முதல் 1996 ஜனவரி 31 வரை ஃபூஜி தொலைக்காட்சியில் ஓடியது. மொத்தம் 291 எபிசோட். அது வெளிநாடுகளில் எப்படி ஒளிபரப்பானது, கேசட், டிவிடி, ப்ளூரே என்று எப்படி விற்கப்பட்டது என்பதைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். அதிகம் பேசப்போவது அமெரிக்காவைப் பற்றித்தான். குழப்பங்களில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பித்தன.

அண்ணா, அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்தது ஃபனிமேஷன் கம்பெனிதானே?

இல்லை தம்பி. 1980களின் கடைசியிலேயே ஹார்மனி கோல்ட் என்ற நிறுவனம் முதல் தொடரான டிராகன் பாலை ஆங்கிலத்தில் டப் செய்து பார்த்தது. அதில் கதாநாயகன் கோகுவின் பெயர் ஸீரோ! சில எபிசோடுகளோடும் ஒரு படத்தோடும் அந்த முயற்சி நின்றுபோனது.

ஃபனிமேஷனை ஜென் ஃபுகுநாகா ஆரம்பித்தது 1994-இல். அவருடைய மாமா ஒருவர் இந்தத் தொடரை எடுத்த தோயெய் நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்தார். உரிமை கிடைக்க அந்த உறவு உதவியது. 1995-இல் அவர்களும் முதல் டிராகன் பாலைத்தான் கொண்டுவந்தார்கள். 13 எபிசோடுக்கு மேல் போகவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, சண்டை அதிகம் உள்ள இசட்டுக்குத் தாவினார்கள். 1996 செப்டம்பரில் அது தொடங்கியது. சபான் நிறுவனம் ஒளிபரப்பை விற்றது, கனடாவின் வான்கூவரில் ஓஷன் குழு குரல் கொடுத்தது, வீடியோ விற்பனை பயனியர் கையில் இருந்தது. ஒரே தொடர், நான்கு கம்பெனி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கே இருக்கிறது.

முதல் 67 எபிசோடை 53 ஆக்கினார்கள் என்கிறார்களே, எதை வெட்டினார்கள்?

இரத்தம், சாவு, குழந்தைக்கு விழும் அடி, கதை மெதுவாக நகரும் இடங்கள் எல்லாவற்றையும் வெட்டினார்கள். மிச்சத்தை ஒட்டவைத்ததில் 67 எபிசோட் 53 ஆகச் சுருங்கியது. அப்போது இந்தத் தொடர் வார இறுதியில் வாரத்துக்கு ஒன்று என்று ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு விற்கப்பட்டது. குழந்தைகள் பார்க்கும் நேரம் என்பதால் நிலையங்கள் பயந்தன. விற்பவரும் முன்கூட்டியே எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்தார்.

யாரும் சாகவில்லை என்று காட்ட அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாப்பா என்ற வில்லன் ஒரு நகரத்தையே தரைமட்டமாக்குகிறான். உடனே, இன்று ஞாயிற்றுக்கிழமையாகிவிட்டது, நாளையென்றால் கட்டிடங்களில் ஆள் இருந்திருப்பார்கள் என்று ஒரு வசனம். விமானங்கள் வெடித்துச் சிதறுகின்றன. பாராசூட் தெரிகிறது, அவர்கள் பிழைத்துவிட்டார்கள் என்று இன்னொரு வசனம். செத்தவர்கள் எல்லாரும் ‘வேறொரு பரிமாணத்துக்கு’ப் போனார்கள். நரகத்துக் காவல் பூதங்களின் சட்டையில் இருந்த எழுத்தைக்கூடக் கம்ப்யூட்டரில் திருத்தினார்கள். உடையில்லாமல் ஓடும் சிறுவனுக்கு உடை வரைந்தார்கள்.

இதெல்லாம் குழந்தைகளின் நன்மைக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கோகு தன் உயிரைக் கொடுத்து அண்ணனைத் தடுக்கிறான், பிக்கலோ தான் வளர்த்த பையனுக்காக எதிரியின் தாக்குதலைத் தன் உடம்பில் வாங்குகிறான். அங்கே சாவு சாவாக இருந்தால்தான் அந்தக் காட்சிக்கு அர்த்தம்.

நன்றாக ஓடிய தொடர் 1998-இல் ஏன் நின்றது? திரும்ப எப்படி வந்தது?

பார்வையாளர்கள் இருந்தார்கள். ஆனால் சபான் இந்த நிலையம் நிலையமாக விற்கும் தொழிலைக் குறைத்துக்கொண்டது. புது எபிசோட் எடுக்கப் பணம் போடுவார் இல்லை. நமெக் கிரகத்தில் கின்யூ படையோடு சண்டை சூடாக இருக்கும்போதே கதை அந்தரத்தில் நின்றது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று கார்ட்டூன் நெட்வொர்க் தன் டூனாமி நிகழ்ச்சியில் பழைய எபிசோடுகளைப் போட ஆரம்பித்தது. இதுதான் திருப்பம். முன்பு வார இறுதியில், ஊருக்கு ஒரு நேரத்தில், பல இடங்களில் விடியற்காலையில் வந்த தொடர் இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி விட்டு வரும் நேரத்தில் நாடு முழுக்க ஒரே சமயத்தில் வந்தது. இழுத்து இழுத்துச் சொல்லும் தொடர்கதைக்கு வாரம் ஒன்று என்பது பட்டினி மாதிரி. தினமும் வந்தபோதுதான் ருசி தெரிந்தது. 53 எபிசோட் பதினோரு வாரத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கின்யூ படை வரை வந்து, திரும்பவும் முதல் எபிசோடுக்கே போனதைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகள் ஒரு தலைமுறையே அங்கே உண்டு. 1999 செப்டம்பர் 13 அன்று புது எபிசோடுகள் வந்தன. 2003-இல் தொடர் முழுதாக முடிந்தது.

அந்தப் புது எபிசோடுகளில் எல்லார் குரலும் மாறியிருக்கிறதே, சார்?

சபான் பணம் போனதும் வான்கூவர் நடிகர்களை வைத்துத் தொடர்வது கட்டுப்படியாகவில்லை. ஃபனிமேஷன் டெக்சாஸில் தன் சொந்த ஸ்டூடியோவில் உள்ளூர் ஆட்களை வைத்து டப் செய்தது. கோகுவுக்கு ஷான் ஷெமல், கோகுவின் போட்டியாளன் வெஜீட்டாவுக்கும் பிக்கலோவுக்கும் கிறிஸ்டபர் சபாட். ஆரம்ப எபிசோடுகளில் இவர்கள் பழைய குரல்களைப் போலப் பேச முயல்வது தெளிவாகத் தெரியும். ஃப்ரீசா என்ற வில்லனோடு நடக்கும் சண்டைக்குப் பிறகுதான் தங்கள் சொந்தக் குரலுக்கு வந்தார்கள்.

இன்னொரு விசித்திரம்: 2000-த்துக்குப் பிறகு பிரான்சின் ஏபி குழுமம் ஐரோப்பிய ஒளிபரப்புக்காக வான்கூவரிலேயே தனியாக ஒரு டப்பிங் செய்யவைத்தது. அதனால் பிரிட்டனிலும் கனடாவிலும் வளர்ந்தவர்களுக்குப் பிற்பகுதிக் கதையில் ஒலிக்கும் குரல்களே வேறு. ஒரே மொழியில் ஒரே காட்சிக்கு இரண்டு முழு டப்பிங்.

‘9000-க்கு மேல்’ வசனம் எந்தப் பதிப்பு?

வான்கூவர் டப்பிங்கில் கோகுவின் சக்தி அளவைப் பார்த்து வெஜீட்டா, பிரையன் டிரம்மண்ட் குரலில் கத்துவது. ஜப்பானிய மூலத்தில் அது 8000. இணையத்தில் பரவியது 2006-க்குப் பிறகு.

ஃபனிமேஷன் டிவிடிகள் கதையின் நடுவிலிருந்து ஆரம்பிக்கின்றனவே, முதல் பாகம் எங்கே?

நல்ல கேள்வி. முன்னால் சொன்ன நான்கு கம்பெனிக் கதை இங்கேதான் கடிக்கிறது.

1996 ஒப்பந்தப்படி முதல் 53 எபிசோடின் வீடியோ உரிமை பயனியரிடம். அவர்கள் டிவியில் வந்த அதே வெட்டுப்பட்ட வடிவத்தைக் கேசட்டிலும் பிறகு டிவிடியிலும் விற்றார்கள். 1999-க்குப் பின் வந்தவை ஃபனிமேஷனுக்குச் சொந்தம். அவற்றைக் கேசட்டில் வெட்டியது ஒன்று, வெட்டாதது ஒன்று என இரண்டு விதமாகவும், டிவிடியில் வெட்டாமல், ஜப்பானிய ஒலியோடும் சப்டைட்டிலோடும் விற்றார்கள். ஆக, 2000-களின் தொடக்கத்தில் ஒருவர் தொடர் முழுவதையும் அலமாரியில் அடுக்கினால், ஆரம்பம் வெட்டுப்பட்டது, மீதி முழுமையானது. முதல் 67 எபிசோடை முழுமையாக வாங்க அமெரிக்காவில் சட்டப்படி வழியே இல்லை. விநோதமாக, அதே பயனியர்தான் 1997-லும் 1998-லும் முதல் மூன்று இசட் படங்களை வெட்டாமல் வெளியிட்டது. மனம் இல்லாமல் இல்லை, தொடருக்குக் கையில் இருந்தது அந்த வெட்டுப் பிரதிதான்.

பயனியரின் உரிமை 2004-இல் முடிந்தது. அதற்கப்புறம்தான் ஃபனிமேஷன் தன் டெக்சாஸ் நடிகர்களை வைத்து முதல் 67 எபிசோடையும் மறுபடி டப் செய்தது. 2005-இல் அது கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது, தனித்தனி டிவிடியாகவும் வர ஆரம்பித்தது. அந்த வரிசையும் பாதியில் நின்றுவிட்டது, காரணம் அடுத்த கேள்வியில்.

ஆரஞ்சு நிறப் பெட்டிகளை எல்லாரும் திட்டுகிறார்களே, அவ்வளவு மோசமா?

விலை மலிவு, 291 எபிசோடும் வெட்டாமல் ஒன்பது பெட்டியில் கிடைத்தது. 2007 முதல் வந்த அந்தப் பெட்டிகளால்தான் பலர் முதன்முதலாக முழுக் கதையைப் பார்த்தார்கள். அதைக் குறை சொல்லமுடியாது.

படம்தான் பிரச்சினை. இந்தத் தொடர் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில், பழைய டிவியின் 4:3 அளவுக்காக எடுக்கப்பட்டது. அகலத் திரை டிவிகள் வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த நேரம் அது. கருப்புப் பட்டை தெரிந்தால் வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று, மேலும் கீழும் நறுக்கி 16:9 ஆக்கினார்கள். ஃபிலிமின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் சிறிது கூடுதலாகத் தெரியும். ஆனால் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். முடி சிலிர்த்து நிற்கும் சூப்பர் சையன் வடிவத்தில் அந்த முடி நுனி திரைக்கு வெளியே. ஒருவர் வானத்திலும் ஒருவர் தரையிலும் நிற்கும் ஃபிரேமில் இரண்டு பேருமே நெருக்கியடித்து நிற்கிறார்கள். போதாததற்கு ஃபிலிமின் மணல்போன்ற துகள்களை டிஜிட்டலில் துடைத்ததில் மெல்லிய கோடுகளும் கூடவே அழிந்தன. கையால் வரைந்த படம் என்பதற்கு அந்தக் கோடுதானே சாட்சி. நிறத்தையும் தேவைக்கு மேல் ஏற்றினார்கள்.

ஒரு ஓவியர் பார்த்துப் பார்த்து அமைத்த சட்டகத்தை, டிவி செட்டின் அளவுக்காக நறுக்க யாருக்கும் உரிமை கிடையாது என்பது என் திடமான எண்ணம்.

அப்படியானால் ஒழுங்கான பதிப்பு வந்ததே இல்லையா?

வந்தது. ஜப்பானில் 2003-இல் போனி கேன்யன் மூல ஃபிலிமிலிருந்து டிராகன் பாக்ஸ் என்று இரண்டு பெரிய பெட்டிகளை வெளியிட்டது. அதே பிரதியைத்தான் ஃபனிமேஷன் 2009 முதல் 2011 வரை ஏழு பெட்டிகளாக அமெரிக்காவில் விற்றது. 4:3 அளவு, இயல்பான நிறம். டிவிடிதான், ஆனாலும் இன்றுவரை ஆங்கில உலகில் இதற்கு மிஞ்சி ஒன்றில்லை.

2011 கடைசியில் ப்ளூரேயில் ‘லெவல்’ என்ற பெயரில் ஒரு வரிசை ஆரம்பித்தார்கள். ஃபிரேம் ஃபிரேமாகத் தூசு தட்டி, துகள்களை அப்படியே விட்டு, நறுக்காமல் கொடுத்தார்கள். இரண்டே தொகுப்பு. 291 எபிசோடுக்கும் அப்படி உழைப்பது கட்டாது என்று 2012 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இது. 2013-இல் வந்த ப்ளூரேக்கள் மறுபடி 16:9. 2019-இல் முப்பதாம் ஆண்டுப் பெட்டி 4:3-க்குத் திரும்பியது, ஆனால் துடைப்பு வேலை மட்டும் நிற்கவில்லை.

இசையைப் பற்றிச் சொல்லுங்கள். ஜப்பானிய இசையும் அமெரிக்க இசையும் வேறாமே?

முற்றிலும் வேறு. ஜப்பானில் ஷுன்சுகே கிகுச்சியின் வாத்தியக்குழு இசை. தேவையான இடத்தில் அமைதியும் இருக்கும். அமெரிக்காவில் 1999 முதல் புரூஸ் ஃபால்கனர் குழுவின் சிந்தசைசர், கிதார் இசை ஏறக்குறைய இடைவிடாமல் ஓடியது. அங்கே வளர்ந்தவர்களுக்கு ஃபால்கனர் இசை இல்லாமல் வெஜீட்டா வெஜீட்டாவே இல்லை, அதைக் கேலி செய்யமாட்டேன். ஆரஞ்சுப் பெட்டிகளில் ஒரு நல்ல காரியம் நடந்தது: ஆங்கில வசனத்தோடு கிகுச்சி இசையைக் கேட்கும் வசதி கொடுத்தார்கள்.

பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் அமெரிக்காவுக்கு முன்னாலேயே பார்த்துவிட்டன என்பது உண்மையா?

உண்மை, பல ஆண்டு முன்னால். பிரான்சில் 1988 மார்ச்சில் டிராகன் பால், கிளப் டொரோத்தே என்ற சிறுவர் நிகழ்ச்சியில் ஆரம்பித்தது. இசட் 1990 கிறிஸ்துமஸ் சமயம். ஜப்பான் கார்ட்டூன்களின் வன்முறை பற்றி அங்கே அரசியல்வாதிகளே சண்டைக்கு வந்தார்கள், செகொலேன் ரொயால் உட்பட. ஸ்பெயினின் கத்தலோனியாவில் 1990 பிப்ரவரியில் டிவி3 நிலையம் முதல் டிராகன் பாலைக் கத்தலான் மொழியிலேயே ஒளிபரப்ப ஆரம்பித்தது. வாங்க எதுவும் கிடைக்காத காலம் என்பதால் பிள்ளைகள் படங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். ஒரு சிறிய மொழியின் பிள்ளைகள் தங்கள் மொழியிலேயே இதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி.

லத்தீன் அமெரிக்காவுக்கு மெக்சிகோ டப்பிங். கோகுவாக மாரியோ காஸ்தான்யேதா. 2018 மார்ச்சில் பின்னால் வந்த தொடரான டிராகன் பால் சூப்பர் முடிந்தபோது பல ஊர்களில் சதுக்கத்தில் திரை கட்டிப் பார்த்தார்கள். அனுமதி தரவில்லை என்று தோயெய் அறிக்கை விட்டும் கூட்டம் குறையவில்லை.

எல்லாம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கும்போது இந்த டிஸ்க் எதற்கு? வாங்குவதென்றால் எது?

ஃபனிமேஷன் செயலி 2024 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டது. டிஸ்க்கோடு வந்த குறியீட்டைப் போட்டுச் சேர்த்து வைத்திருந்த டிஜிட்டல் பிரதிகள் க்ரஞ்ச்சிரோல் என்ற ஸ்ட்ரீமிங் சேவைக்கு மாற்றப்படவில்லை, போனது போனதுதான். தட்டை வைத்திருந்தவர்களிடம் தட்டு இருக்கிறது.

ஏழு டிராகன் பாக்ஸும் அச்சில் இல்லை, பழைய பிரதிகளுக்கு விலை அதிகம். முதல் பெட்டி மட்டும் கிடைத்தாலும் எடுங்கள். 42 எபிசோட், நாப்பா வெஜீட்டா சண்டை முழுக்க அதில் அடக்கம். கையில் காசு குறைவு, கதை மட்டும் போதும் என்றால் ஆரஞ்சுப் பெட்டி. போலிகளும் சந்தையில் உலவுகின்றன. பணம் கொடுப்பதற்கு முன் தட்டின் அச்சையும் உள்ளே இருக்கும் கையேட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.