உயர்கல்வி கேள்வி–பதில்: உள்ளாட்சி தெரிந்த பேராசிரியரை எடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் அரசியல் அறிவியல் துறைக்கு உள்ளாட்சியில் தேர்ந்த பேராசிரியர் ஒருவரை நேரடி நியமனத்தில் எடுக்க இருக்கிறோம். அந்தச் சிறப்புப் புலத்தை விளம்பரத்தில் கட்டாயத் தகுதியாகப் போடலாமா?
– துறைத் தலைவர், மாநிலப் பல்கலைக்கழகம்

பதில்: வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 நெறிமுறை பேராசிரியருக்குக் கேட்பவை இவை: முனைவர் பட்டம், 10 ஆய்வுக் கட்டுரைகள், 10 ஆண்டு அனுபவம், முனைவர் பட்ட மாணவரை வழிநடத்திய சான்று, கட்டுரை, நூல், ஆய்வு மாணவர் போன்றவற்றைக் கணக்கிட்டு 120 ஆய்வு மதிப்பெண். இதற்கு மேல் 'உள்ளாட்சி' என்பதையும் கட்டாயமாக்கினால், எதை வைத்து அதை அளப்பீர்கள்? பஞ்சாயத்துத் தேர்தலில் சாதி பற்றி எழுதியவர் உள்ளாட்சி வல்லுநரா, தேர்தல் ஆய்வாளரா? பரிசீலனைக் குழு ஒருவரை ஏற்று இன்னொருவரைத் தள்ளினால், தள்ளப்பட்டவர் மறுநாளே ரிட் மனு போடுவார்.

'விரும்பத்தக்க தகுதி' என்ற தலைப்பில் சேருங்கள். அதையும் மொட்டையாக விடாமல், 'நகராட்சி நிதி, பஞ்சாயத்து நிர்வாகம், அதிகாரப் பரவல் ஆகியவற்றில் குறைந்தது 3 கட்டுரைகள்' என்பதுபோல் எழுதுங்கள். பொது நிர்வாகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் விண்ணப்பிக்கலாமா என்பதையும் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள். உள்ளாட்சி ஆட்கள் பாதிப்பேர் அந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். விளம்பரம் வெளிவந்தபின் தகுதியை மாற்ற வழியில்லை. ஆட்சேர்ப்பின் நடுவில் விதியை மாற்றக் கூடாது என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு மறுபடி உறுதிசெய்திருக்கிறது.

கேள்வி: களத்தில் நல்ல பெயருள்ளவர்கள்கூட 120 மதிப்பெண்ணில் தவறிவிடுகிறார்களே, ஏன்?
– பரிசீலனைக் குழு உறுப்பினர், மதுரை

பதில்: உள்ளாட்சி ஆய்வாளரின் உழைப்பில் பெரும்பகுதி அரசுக்கான அறிக்கைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் போய்விடுகிறது. மாநில அளவிலான கொள்கை ஆவணத்துக்கு 4 மதிப்பெண்தான், தேசிய அளவுக்கு 7. அழைப்பு உரைகளையும் சேர்த்து இவை மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

கட்டுரை வெளிவந்த இதழின் தாக்கக் குறியீட்டுக்காக (impact factor) தரும் கூடுதல் மதிப்பெண்ணை விட்டு, அடிப்படை மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். தனியாக எழுதிய 5 கட்டுரைகளுக்கு 50. இருவர் எழுதியது என்றால் ஆளுக்கு 70 விழுக்காடு. அப்படி 5 கட்டுரைகளுக்கு 35. பட்டம் பெற்ற 2 ஆய்வு மாணவர்களுக்கு 20. இந்தியப் பதிப்பக நூல் ஒன்றுக்கு 10. மாநில அறிக்கை ஒன்றுக்கு 4. கூட்டினால் 119. ஒரே ஒரு மதிப்பெண்ணில் போச்சு! மாநில அளவில் ஆற்றிய அழைப்பு உரை ஒன்றுக்கு 2 உண்டு. அதன் கடிதத்தை இணைக்க மறந்ததால் கழிக்கப்பட்டவர்கள் இருப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண் தரும் ஒவ்வொரு வகைக்கும் தனிக் கட்டமும் சான்று எண்ணும் வையுங்கள். தகுதி கணக்கிடும் நாள் விண்ணப்பத்தின் கடைசித் தேதிதான் என்பதையும் அச்சிடுங்கள்.

கேள்வி: 'முதுநிலைப் பேராசிரியர்' என்று விளம்பரம் செய்தால் மூத்தவர்கள் வருவார்களா?
– பதிவாளர் அலுவலகம், கோவை

பதில்: அது தனிப் பதவி. பேராசிரியராகவே 10 ஆண்டு, சிறந்த 10 கட்டுரைகள், கடந்த 10 ஆண்டில் இருவருக்காவது முனைவர் பட்டம், மூன்று வெளி வல்லுநர்களின் சாதகமான மதிப்பீடு ஆகியவை வேண்டும். அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காடுதான் உச்சவரம்பு. பல்கலைக்கழகத்தில் 30 இடம் என்றால் 3 பேர்.

கேள்வி: ஓய்வுபெற்ற மாநகராட்சி ஆணையரை எடுக்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: முனைவர் பட்டமும் 10 ஆண்டு அனுபவமும் சிறப்பான பங்களிப்புக்குச் சான்றும் இருந்தால் பேராசிரியர் பதவிக்கே விண்ணப்பிக்கலாம். பட்டம் இல்லாவிட்டால் யு.ஜி.சி. 2022-இல் கொண்டுவந்த 'பயிற்சித்துறைப் பேராசிரியர்' (Professor of Practice) வழி இருக்கிறது. அதற்கு 15 ஆண்டு அனுபவம் போதும். ஆனால் அதிகபட்சம் 4 ஆண்டுதான், நிரந்தர இடம் நிரம்பாது.

கேள்வி: நேர்காணலில் உண்மையான உள்ளாட்சி அறிவை எப்படிக் கண்டுபிடிப்பது?
– துணைப் பேராசிரியர், சேலம்

பதில்: உள்ளாட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்த 73, 74-ஆவது அரசமைப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள், அதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஒரு நகராட்சியின் வரவு-செலவு அறிக்கையைக் கையில் கொடுத்து, சொந்த வருவாய் எவ்வளவு, மாநில நிதி ஆணையப் பகிர்வு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நகராட்சிகளுக்கு உரியவை என்று அரசமைப்பின் 12-ஆவது அட்டவணை பட்டியலிடும் 18 பணிகளில் எவை உண்மையில் நகராட்சி கையில் இருக்கின்றன, எவை வாரியங்களிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு, இடையில் நிறுத்திவைக்கப்பட்டு, 2023-இல் மறுபடி நடைமுறைக்கு வந்தது. இன்னும் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தையே நடைமுறைச் சட்டமாகச் சொல்பவர் பழைய குறிப்பேட்டிலிருந்து பாடம் நடத்துகிறார். இந்தக் கேள்விகளைக் கேட்க, குழுவின் மூன்று வெளி வல்லுநர்களில் ஒருவராவது உள்ளாட்சிக்காரராக இருக்க வேண்டும். வல்லுநர் பட்டியலுக்கு ஒப்புதல் வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.