ஊர் ஆரோக்கியத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? – வாசகர் கேள்வி பதில்

சுகர் முகாம், கண் முகாம், நடைபாதை, மாரத்தான் என்று இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: ஊர் ஜனங்களின் உடம்புக்காக ஏதாவது செய்ய ஆசை, காசுக்கு யாரிடம் போவது? ஏழு பேருடைய கடிதங்களை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே எங்காவது இருக்கும்.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 12 பேர். ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு சுகர் அல்லது பிரஷர் இருக்கிறது. மாதம் ஒரு பரிசோதனை முகாம் நடத்த எந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம்? (வாசகி, ஒட்டன்சத்திரம் பக்கம்)

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால் உங்கள் ஊர் நர்ஸம்மாவைப் போய்ப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீங்கள் சொல்லும் இதே வேலைதான் நடக்கிறது. வீடு தேடி வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே இலவசமாக நடப்பதற்கு நீங்கள் தனியாக நிதி கேட்டால், கொடுப்பவர் முதலில் கேட்கப்போவது ‘அங்கே என்ன குறை, அதைச் சொல்லுங்கள்’ என்பதைத்தான்.

குறை இல்லாமல் இருக்காது. தன்னார்வலர் வரும் நேரத்தில் பாதிப் பேர் கூலி வேலைக்குப் போயிருப்பார்கள். ஆண்கள் ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று கையையே நீட்ட மாட்டார்கள். மாத்திரை வாங்கிய பாதிப் பேர் அதை அலமாரியில் வைத்திருப்பார்கள். இந்த ஓட்டையை உங்கள் 12 பேரால் அடைக்க முடியும், அதற்கு ஆகும் செலவும் கொஞ்சம்தான். ஊராட்சியில் கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று இருக்கிறது. தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை, இன்னதற்குத்தான் என்று கட்டிப்போடாத நிதி உண்டு. உங்கள் ஊரில் அந்தக் குழு எப்போது கூடியது, பணம் எதற்குப் போனது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது, ஒரு நாளாவது உங்களுக்குத் தோதுப்படும். சண்டை போடச் சொல்லவில்லை, சும்மா கேளுங்கள். கேட்கிற ஆள் இருக்கிற ஊரில்தான் அந்தக் குழு உயிரோடு இருக்கிறது.

கேள்வி: எங்கள் டிரஸ்டுக்கு ஐந்து வயது. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் எல்லாம் இருக்கிறது. சர்க்கரை நோய்த் திட்டத்துக்காக மூன்று பெரிய கம்பெனிகளுக்கு சிஎஸ்ஆர் (கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிடும் நிதி) ப்ரொபோசல் அனுப்பினோம். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. நகல் இணைத்திருக்கிறேன், தவறு எங்கே? (வாசகர், திண்டுக்கல்)

நகலைப் படித்தேன். 22 பக்கம். முதல் ஒன்பது பக்கம் நிறுவனர் வரலாறும் அவர் பொன்னாடை போர்த்திக்கொண்ட படங்களும். சர்க்கரை என்ற சொல் முதன்முதலாக 11-ம் பக்கத்தில் வருகிறது. கோபப்படாதீர்கள், நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினேன்.

முதலில் யாரிடம் கேட்பது என்பதைப் பார்ப்போம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே போதும், அந்தக் கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்க வேண்டும். எல்லோரும் ‘500 கோடி, 1,000 கோடி’ என்பதைக் கேட்டு மிரண்டு, மும்பையில் தலைமையகம் இருக்கிற கம்பெனிக்குத் தபால் போடுகிறார்கள். அந்த 5 கோடியைக் கவனியுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி இருக்கிற நூற்பாலைகளில் 5 கோடி லாபம் பார்க்கும் மில் ஒன்று இருந்தால், அதன் சிஎஸ்ஆர் தொகை சுமார் 10 லட்சம். உங்களுக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிய காரியம்தான். தான் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இன்னொன்று, சிஎஸ்ஆர் தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனிக் கமிட்டி கட்டாயமில்லை, இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். சின்ன மில்லில் இயக்குநர் குழு என்றால் முதலாளியும் அவர் தம்பியும் மகனும். நேரில் போய்க் கேட்டுவிடலாம்.

பேப்பர் விஷயத்தில் உங்களிடம் ஒன்று குறைகிறது. 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர் பணம் வாங்கும் டிரஸ்டுகளுக்கு, சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிந்து வாங்கும் எண் கட்டாயம், உங்கள் கடிதத்தில் அது கண்ணில் படவில்லை. கூடவே மூன்று ஆண்டு வேலை செய்த அனுபவமும் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. ஆடிட்டரிடம் சொல்லி கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிந்துவிடுங்கள். (பதிவே இல்லாத சின்னக் குழுக்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: கம்பெனி தானே நேரடியாகவும் செலவு செய்யலாம். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் மெஷினும் மில்லே வாங்கிக்கொடுத்து, ஊருக்குள் வேலையை மட்டும் குழு பார்த்துக்கொள்ள ஒரு தடையும் இல்லை.)

இப்போது பட்ஜெட். நீங்கள் ‘மருத்துவ உபகரணங்கள் – 4,00,000’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பல வருடம் முன்பு நான் இருந்த அமைப்புக்கு ஒரு கம்பெனி ரத்தப் பரிசோதனைக் கருவி கொடுத்தது. ரிப்பன் வெட்டு, போட்டோ, மறுநாள் பேப்பரில் செய்தி எல்லாம் ஆயிற்று. கூடக் கொடுத்த ரீஏஜென்ட் (சோதனைக்கான ரசாயனம்) நாலு மாதத்தில் தீர்ந்தது. அடுத்ததை யார் வாங்குவது என்று நாங்களும் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அந்தக் கருவி அப்புறம் இரண்டு வருடம் பூப்போட்ட துண்டு போர்த்தியபடி மேசையில் இருந்தது, வருகிறவர்கள் அதன்மேல் ஹெல்மெட் வைப்பார்கள். அதனால் கணக்கை இப்படிப் போடுங்கள்: பதிவு செய்த நோயாளிகள் 400 பேர், மாதம் ஒரு தடவை சுகர் சோதனை, ஒரு ஸ்ட்ரிப் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. மெஷின் விலை ஒரு தடவைதான், ஸ்ட்ரிப் செலவு வருடா வருடம். இரண்டாம் வருடம் அந்த 72,000 எங்கிருந்து வரும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். ஆளுக்கு மாதம் ஐந்து ரூபாய் வாங்கப்போகிறோம் என்றாலும் சரி, மீதிக்கு ஊர்க் கடைக்காரர் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாலும் சரி. அந்தப் பத்திதான் உங்களை மற்ற பத்து ப்ரொபோசலிலிருந்து பிரித்துக்காட்டும்.

நர்ஸ் சம்பளத்தைப் பட்ஜெட்டில் போடப் பயந்து ‘இதர செலவு’ என்று ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி, கம்பெனி தன் சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்குத்தான். திட்டத்தில் வேலை செய்கிற நர்ஸின் சம்பளம் திட்டச் செலவு. தைரியமாக எழுதுங்கள், ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வரும்.

மொத்தம் மூன்று பக்கம் போதும். எத்தனை பேருக்கு என்ன நோய், இப்போது அவர்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை, நீங்கள் செய்வது என்ன, ஒரு வருடம் கழித்து எதை எண்ணிக் காட்டுவீர்கள். கடைசியாகச் சொன்னதில் ‘விழிப்புணர்வு ஏற்படும்’ என்று எழுதாதீர்கள், அதை எண்ண முடியாது. 400 பேரில் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ண முடியும். நிறுவனர் படம் ஒன்று வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும்.

கொடுக்கும் நேரமும் முக்கியம். நிதியாண்டு தொடங்கும்போதே, ஏப்ரல் மே மாதங்களில் மனு கம்பெனிக்காரர் மேசைக்குப் போய்விட வேண்டும். அப்போது விட்டவர்கள் ஜனவரியில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் செலவழிக்காமல் மிஞ்சும் தொகையை, தொடர் திட்டம் எதற்கும் ஒதுக்கியிராவிட்டால், ஆண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி மாதிரியான நிதிகளில் கட்டியாக வேண்டும். அதற்குப் பதில் உள்ளூரிலேயே ஒரு நல்ல காரியம் செய்யலாமே என்று யோசிக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் விழிப்புணர்வு மாரத்தானுக்கு சிஎஸ்ஆர் பணம் கிடைக்குமா? டி-சர்ட் மட்டுமே இரண்டு லட்சம் ஆகிறது. (நற்பணி மன்றச் செயலாளர், ஈரோடு)

கிடைக்காது. மாரத்தான், விருது விழா, விளம்பரம் மாதிரி ஒரு நாள் கூத்தெல்லாம் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது என்று அமைச்சகம் 2014 ஜூன் 18-ம் தேதி சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. கம்பெனியின் விளம்பரப் பிரிவில் கேளுங்கள், டி-சர்ட்டில் பெயர் போட்டால் அவர்கள் கொடுக்கலாம். அந்த இரண்டு லட்சத்தில் எத்தனை ஸ்ட்ரிப் வாங்கலாம் என்று மேலே உள்ள கணக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி: ஒருவர் 50 லட்சம் சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். முன்பணம் 40,000 கேட்கிறார். நிதி வந்ததும் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தர வேண்டுமாம். நம்பலாமா? (பெயர் வேண்டாம், சேலம்)

போனை வைத்துவிடுங்கள். இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: 40,000 போய் ஆள் காணாமல் போவார், அல்லது பணம் உண்மையிலேயே வந்து, செக்கில் வாங்கி ரொக்கமாகத் திருப்பிய குற்றத்துக்கு டிரஸ்ட் பெயரில் கையெழுத்துப் போட்ட நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். முதலாவது நடந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்வேன். எந்தக் கம்பெனி எந்த மாநிலத்தில் எதற்கு எவ்வளவு செலவு செய்தது என்பது அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பார்த்தால் புரோக்கருக்குத் தெரிந்ததைவிட அதிகம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: என் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். எங்கள் டிரஸ்ட் நடத்தும் முதியோர் பிசியோதெரபி மையத்துக்கு மாதம் கொஞ்சம் பணம் அனுப்ப விரும்புகிறார். வாங்கலாமா? (வாசகர், மன்னார்குடி)

அண்ணன் கையில் இருக்கும் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவர் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கி ரசீது கொடுங்கள், பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு. சொந்த அண்ணனே ஆனாலும் டிரஸ்டுக்கு அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது. அந்தப் பதிவுக்கு டிரஸ்டுக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும், பணமும் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் பிரதான கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். ‘என் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நான் டிரஸ்டில் போட்டுவிடுகிறேன்’ என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: ஏரிக்கரையில் நடைபாதையும் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளும் வேண்டும். எம்எல்ஏ நிதியா, எம்பி நிதியா? (வாசகர், அரக்கோணம் பக்கம்)

இரண்டுமே கட்டுமானத்துக்குப் பொருந்தும். எம்பிக்கு ஆண்டுக்கு 5 கோடி, தமிழ்நாட்டு எம்எல்ஏவுக்கு 3 கோடி. ஆனால் நிற்கிற சொத்துக்குத்தான் அந்தப் பணம், பயிற்சியாளர் சம்பளத்தையோ கரன்ட் பில்லையோ அதில் கேட்க முடியாது. ஊரில் வசூல் செய்ய முடியும் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பாருங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடுகிறது. 9 லட்சம் வேலைக்கு 3 லட்சம். காசு கொடுத்தவன் அந்தப் பெஞ்சில் யாராவது பான்பராக் துப்பினால் சும்மா விடமாட்டான், இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். அப்புறம், ஏரிக்கரை நீர்வளத்துறையினுடையதா (முன்பு பொதுப்பணித்துறையில் இருந்தது) ஊராட்சியினுடையதா என்பதை மனு எழுதும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள், பாதி மனுக்கள் அங்கேதான் படுத்துவிடுகின்றன.

கேள்வி: அப்பாவின் நினைவு நாளுக்குக் கண் முகாம் நடத்தலாம் என்று நினைக்கிறேன். கையில் 15,000 ரூபாய்தான் இருக்கிறது. யாரிடம் மீதி கேட்பது? (வாசகி, உசிலம்பட்டி)

யாரிடமும் கேட்காமல் நடத்தப் பாருங்கள். மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்ததே இப்படிப்பட்ட முகாம்களால்தான். டாக்டர், நர்ஸ், கருவி எல்லாம் மருத்துவமனையிலிருந்து வரும். அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களை அவர்களே அழைத்துப் போவார்கள். இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது, சாப்பாடு மாதிரியானவை உள்ளூர்க்காரர் பொறுப்பு. ஊரில் அரிமா சங்கமோ ரோட்டரியோ இருந்தால் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. மருத்துவமனையின் முகாம் பிரிவில் பேசி, அவர்கள் பங்கு எதுவரை, உங்கள் பங்கு எதுவரை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தை ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டால் கொடுப்பார்கள். நோட்டீஸை விட மைக் கட்டிய ஆட்டோ நல்லது, முகாமுக்கு வரப்போகும் பெரியவர்களுக்கு நோட்டீஸ் எழுத்து எங்கே தெரியப்போகிறது! நாளைக் குறிக்கும்போது சந்தை நாளும் முகூர்த்த நாளும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.