ஐவரியா, சந்தனமா, மோர் நிறமா? வீட்டுச் சுவர்க் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நிறத்தைப் பற்றியவை. கடைக்காரர் அதை ஐவரி என்பார், பெயின்டர் கிரீம் என்பார், வீட்டுப் பெரியவர் ‘லேசான சந்தனம்’ என்பார். இருபது ஆண்டுகளாகச் சுவர்களோடு மல்லுக்கட்டும் எனக்கு, மூவரும் ஒரே டப்பாவைத்தான் சொல்கிறார்களா என்பதில் இன்னும் சந்தேகம் உண்டு.

ஷேட் கார்டில் பாலேடு போல இருந்த நிறம், சுவரில் அடித்ததும் மஞ்சளாகத் தெரிகிறது. கடையில் தவறாகக் கலந்துவிட்டார்களா? (திருநெல்வேலி)

பெரும்பாலும் கடைக்காரர் மீது தவறு இருக்காது. கார்டில் நீங்கள் பார்த்தது தீப்பெட்டி அளவுத் துண்டு. அறையில் நான்கு சுவர்கள். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு முறையும் நிறத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வருகிறது. அதனால் கார்டில் கண்டதைவிடச் சுவரில் எப்போதும் ஒரு படி அழுத்தமாகவே தெரியும். கார்டில் பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதை வாங்குங்கள். இல்லையென்றால், அதே எண்ணில் சாயத்தைப் பாதியாகக் குறைத்துக் கலந்து தரச் சொல்லுங்கள். இயந்திரத்தில் கலக்கும் கடைகளில் இதைச் செய்து தருவார்கள். ஈரத்தில் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம், எமல்ஷன் (தண்ணீர் கலந்து சுவருக்கு அடிக்கும் பெயின்ட்) காய்ந்தபின் சற்று அழுத்தமாகும்.

மாதிரி பார்க்கும் முறையிலும் ஒரு பிழை நடக்கிறது. பழைய பச்சைச் சுவரின் நடுவில் ஒரு கை அகலத்துக்குப் புது நிறத்தைத் தீற்றிவிட்டு, ‘ரோஜா நிறமாகத் தெரிகிறதே’ என்று பதறுவார்கள். சுற்றியுள்ள பச்சைதான் அப்படிக் காட்டுகிறது. முழு சார்ட் அட்டை ஒன்றில் ஓரம்வரை இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். அதைத் தரையோடும், கதவு நிலையோடும், சோபாவோடும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வீட்டில் தங்கப்போகும் பொருள்கள் அவைதான், பழைய சுவர் மறையப்போகிறது. காலை ஏழு மணி, நண்பகல், விளக்குப் போட்டபின் என மூன்று வேளையும் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.

பகலில் அழகாக இருக்கும் ஹால், இரவில் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடுகிறது. மறுபடியும் பெயின்ட் அடிக்க வேண்டுமா? (மதுரை)

வேண்டாம், முதலில் நாற்காலி போட்டு ஏறி விளக்கைப் பாருங்கள். நம் வீடுகளில் மாட்டும் எல்இடி குழல்விளக்குகளில் பெரும்பாலானவை 6500 கெல்வின், அதாவது நீலம் தூக்கலான வெள்ளை. ஐவரி, கிரீம் போன்ற இதமான நிறத்தில் உள்ள மஞ்சளை அந்த வெளிச்சம் அமுக்கிவிடும். ஹாலிலும் படுக்கையறையிலும் 3000 கெல்வின் விளக்கு போட்டால், அதே சுவர் மாலை வெயிலில் நிற்பது போல மாறும். ‘ஓட்டல் மாதிரி மங்கலாக இருக்கிறது’ என்று வீட்டில் எதிர்ப்பு வந்தால் 4000-த்தில் சமாதானம் செய்துகொள்ளலாம். பெட்டியில் சிஆர்ஐ என்றொரு எண்ணும் இருக்கும். அது 90-ஐ ஒட்டி இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் சொந்த வீட்டு ஹாலில் இரண்டு தடவை நிறம் மாற்றினேன். மூன்றாம் தடவை ஷேட் கார்டை எடுத்தபோது, என் மனைவி பேசாமல் போய் விளக்கை மாற்றி மாட்டினார். முதலில் அடித்த நிறமே சரியாக இருந்திருக்கிறது.

வடக்குப் பார்த்த அறைக்கு இதமான நிறம், தெற்குக்குக் குளிர்ந்த நிறம் என்று படித்தேன். சென்னைக்கும் இது பொருந்துமா? (சென்னை)

பாதிதான் பொருந்தும். லண்டனில் வடக்கு ஜன்னலுக்கு ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் கிடையாது, வானத்தின் நீல வெளிச்சம் மட்டுமே வரும். அந்த விதி அங்கே பிறந்தது. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே நமக்கு வடக்கில்தான் நிற்கும். வடக்கு அறை கோடையில் ஒரு மாதிரியும் மார்கழியில் வேறு மாதிரியும் தெரிவது அதனால்தான். அடுக்குமாடியில் திசையைவிடப் பக்கத்துக் கட்டடம்தான் முக்கியம். நான்கு அடி தள்ளி ஆரஞ்சுச் சுவர் இருந்தால், எந்தத் திசையானாலும் அந்த ஆரஞ்சு உங்கள் அறைக்குள் வந்துவிடும். ஜன்னலை ஒட்டி வேப்பமரமோ வாழையோ இருந்தால் வெளிச்சத்தில் பச்சை ஏறும். திசைகாட்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

சுவர் இதமான வெள்ளை, கூரை தூய வெள்ளை. சுவர் அழுக்காகத் தெரிகிறது என்கிறார் மாமியார். (கோயம்புத்தூர்)

மாமியார் சொல்வது சரி. சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த வீட்டில் வளர்ந்த கண்களுக்கு, நீலம் கலந்தால்தான் வெள்ளை. பளிச்சென்ற அந்த வெள்ளை பக்கத்தில் இருந்தால் எந்த இதமான நிறமும் பழுப்பேறியதாகத்தான் தெரியும். கூரைக்குச் சுவரின் அதே நிறத்தைக் கால் பங்கு சாயத்தில் கலந்து அடியுங்கள். கூரையைவிட என்னை அதிகம் உறுத்துவது சுவிட்ச் போர்டு. சுவரெல்லாம் தந்த நிறம், நடுவில் பல் விளம்பரம் போல ஒரு வெள்ளைச் சட்டம்! ஐவரி நிறச் சட்டம் கடைகளில் கிடைக்கிறது, போர்டைக் கழற்றாமல் சட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தாத்தா காலத்து வீடு. ரெட் ஆக்சைடு தரை, தேக்கு நிலைகள். எந்த வெள்ளை பொருந்தும்? (காரைக்குடி)

கொடுத்துவைத்தவர் நீங்கள். இந்தத் தரையின் சிவப்பு, சுவரின் கீழ்ப்பாதியில் ஏறி நிற்கும். வெயில் நேரத்தில் முழங்கால் உயரம்வரை சுவர் லேசாகச் சிவந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் ரோஜாச் சாயல் உள்ள வெள்ளையைத் தொடாதீர்கள், சுவர் உடம்புத் தோல் போல ஆகிவிடும். கொஞ்சம் மஞ்சளும் துளி கருப்பும் கலந்த மோர் நிறம் இங்கே நன்றாக உட்காரும்.

சாயலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். ஷேட் கார்டில் அந்த வெள்ளை இருக்கும் வரிசையிலேயே மிக அழுத்தமான நிறத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும். அங்கே செங்கல் நிறம் இருந்தால் வரிசையை மாற்றுங்கள்.

சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சாக இருந்து ஓதம் ஏறுகிறதென்றால், பிளாஸ்டிக் போல மூடும் பெயின்டைத் தவிர்த்துவிட்டுச் சுண்ணாம்பே அடிக்கலாம். துளி மஞ்சள் காவி சேர்த்தால் நீங்கள் தேடும் நிறமே வந்துவிடும். செட்டிநாட்டுப் பளபளப்புப் பூச்சு எங்காவது மிச்சமிருந்தால், அதன்மேல் எதையும் பூச வேண்டாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை லிட்டர் வேண்டும்? (திருச்சி)

சுவர் உயரம் பத்தடி என்றால் மொத்தம் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு நல்ல எமல்ஷன் லிட்டருக்குச் சுமார் 120 சதுர அடி வரும். 4 லிட்டர் போதும். பல டப்பாக்கள் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்தபின் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் வரும், வெளிர் நிறத்தில் அது சுவர் நடுவே கோடாகத் தெரியும். மூடியில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

வெள்ளை எனாமல் அடித்த கதவில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்தேன். மறைந்திருந்த இடம்தான் அதிகம் மஞ்சளாக இருக்கிறது! (நாகர்கோவில்)

எண்ணெய் எனாமலின் குணம் அது. அதிலுள்ள எண்ணெய் காலப்போக்கில் மஞ்சளாகும், வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் ஓரளவு வெளுத்துவிடும். காலண்டருக்குப் பின்னால் வெளுக்க வழியில்லை. சில வாரம் அப்படியே விட்டால் கொஞ்சம் சமமாகும். அடுத்த முறை தண்ணீரில் கரையும் எனாமல் வாங்குங்கள், விலை கூடுதலானாலும் மஞ்சளாகாது. பழைய எனாமலைச் சுரண்டும்போது முகக்கவசம் போட்டு, ஈரம் காட்டித் தேயுங்கள். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மேட்டா, பளபளப்பா? இரண்டு வாண்டுகள் இருக்கிறார்கள். (சேலம்)

நடுத்தரமான சாட்டின். பளபளப்பு கூடக் கூடத் துடைப்பது எளிது, ஆனால் பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளமெல்லாம் தெரியும். கூரைக்கு மேட் போதும், கிரயான் அங்கே எட்டாது.

பூச்சு வேலை இப்போதுதான் முடிந்தது. மூன்று வாரத்தில் பால் காய்ச்சத் தேதி குறித்தாகிவிட்டது. பெயின்ட் முடிந்துவிடுமா? (தஞ்சாவூர்)

முடித்துவிடலாம், ஆனால் ஆறு மாதத்தில் உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாக உரியும். சிமென்ட் பூச்சு தண்ணீர் காட்டி முடித்தபின் குறைந்தது நான்கு வாரமாவது காய வேண்டும், மழைக்காலமென்றால் இன்னும் கூடுதல். உங்கள் சுவருக்கு அந்த அவகாசம் இல்லை. நல்ல நாளுக்கு ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிட்டு ஹோமத்தை நடத்துங்கள். புகையும் எண்ணெய்க் கையும் படப்போவது எப்படியும் அன்றைக்குத்தான். அந்தச் சுண்ணாம்பைப் பின்னால் நன்றாகச் சுரண்டி எடுத்து, பட்டி, பிரைமர், எமல்ஷன் என்று ஆற அமரச் செய்யலாம். சுவரைப் பார்த்து யாரும் மொய்யைக் குறைக்கப்போவதில்லை.