தண்ணீர் வருகிறது, மீன் மட்டும் ஏன் இல்லை?

அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் வலையில் மீன் விழவில்லை, மீன் ஏணி (மீன்கள் அணையைத் தாண்டி மேலேறப் படிப்படியாகக் கட்டும் நீர்வழி) கட்டினால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, எப்போது, எப்படி வருகிறது என்பதுதான் மீனுக்கு முக்கியம். பல ஆற்று மீன்கள் புதுவெள்ளம் கலங்கி வரும்போதுதான் சினை விட மேலேறும். அந்த வெள்ளத்தை அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்சாரத்துக்காக மாலையில் திறந்து இரவில் மூடினால், கரையோரக் கூழாங்கல்லில் ஒட்டிய முட்டைகள் வெளியே கிடந்து காய்ந்துவிடும். நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறந்தால் வருவது குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த நீர். தண்ணீரில் காலை வைத்துப் பார்த்தாலே குளிர்ச்சி தெரியும்.

ஏணியை ரொம்ப நம்பாதீர்கள். தாய்லாந்தின் பாக் மூன் அணையில் (1994) ஏணி இருந்தும் பெரும்பாலான மீன்களால் ஏற முடியவில்லை. 2001இல் மதகுகளைத் திறந்து வைத்தபோதுதான் பல வகைகள் திரும்பின. அதனால் மதகு திறக்கும் அட்டவணையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், பிடித்த மீனின் வகை, எடை, அன்றைய நீர்மட்டம் மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். இழப்பீடு பேசும்போது வாய்வார்த்தையை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.