பரணைக் காலி செய்யுமுன் வாசலைப் பாருங்கள்

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை (மாமியார்). வீடு முழுக்கச் சாமான். மினிமலிசம் (குறைந்த பொருளோடு வாழ்வது) வீடியோக்களைப் பார்த்து இரண்டு தடவை எல்லாவற்றையும் ஒதுங்க வைத்தேன். ஆறே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. அத்தை ஒரு கரண்டியைக்கூட வெளியே போக விட மாட்டார்கள். இன்னொரு பீரோ வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பீரோ வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்கி வைப்பதற்கென்றே விற்கிற பிளாஸ்டிக் பெட்டி, கூடை, கதவுக்குப் பின்னால் மாட்டும் பை எதுவும் வேண்டாம். வீட்டில் பொருளைக் குறைக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்யும் செலவு பெரும்பாலும் இதுதான். காலி இடம் இருந்தால் சாமான் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நீங்கள் எழுதியதில் 'ஆறே மாதத்தில் பழையபடி' என்பதுதான் முக்கியம். ஒதுங்க வைக்க உங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. போனதெல்லாம் எந்த வழியாகத் திரும்பி வந்தது என்பதைத்தான் பார்க்கவில்லை. அந்த வீடியோக்களில் வருகிறவர்களில் பலர் தனியாக இருப்பவர்கள். அவர்கள் வீட்டுக்குள் நுழையும் பொருள் அநேகமாக அவர்களே காசு கொடுத்து வாங்கியது. வாங்குவதை நிறுத்தினால் வரத்தும் நின்றுபோகும். நம் ஊர் வீட்டில் நாம் வாங்காமலே வந்து சேருவது ஏராளம்.

ஒரு வருடத்தை யோசித்துப் பாருங்கள். தை பிறந்தால் அம்மா வீட்டுப் பொங்கப்படி, அதாவது பொங்கல் சீர். கல்யாணமான முதல் வருடம் வந்த பித்தளைப் பானை போதாதென்று அடுத்தடுத்த வருடங்களில் எவர்சில்வரும் சேர்ந்திருக்கும். பிறகு காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, பால் காய்ச்சு. எங்கே போனாலும் தாம்பூலப் பையில் ஒரு சம்படமோ டிபன் பாக்ஸோ இருக்கும். அதில் விசேஷக்காரர் பெயரும் தேதியும் வெட்டியிருப்பதால் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கவும் முடியாது. ஆடித் தள்ளுபடியில் ஒன்றுக்கு ஒன்று இலவசம். 2011-ல் அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. ஏற்கெனவே மிக்ஸி இருந்த வீடுகளில் அந்த மிக்ஸி அட்டைப்பெட்டியோடு பரணில் இருப்பதை இன்றும் பார்க்கிறேன். இத்தனை வருடம் ஓடாமல் கிடந்த மிக்ஸியில் ரப்பர் வாசர் இறுகிப்போயிருக்கும். பழையது கெட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தது, எடுக்கும் நாளில் உதவாது.

ஆகவே முதல் மாதம் பரண் பக்கமே போகாதீர்கள். வாசல் பக்கம் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிடுங்கள். சாப்பாட்டுச் சாமான் தவிர வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளையும், அது எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள்: வாங்கியது, யாரோ கொடுத்தது, இலவசமாக வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது. கணவரும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் எந்தக் கணக்கு நீளமாக இருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டின் பிரச்சினை. சில வீடுகளில் அது ஜவுளி. சில வீடுகளில் ஆன்லைனில் வரும் சின்னச் சின்ன சமையலறைக் கருவிகள். விசேஷம் அதிகமுள்ள பெரிய குடும்பமென்றால் பாத்திரம்.

கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது நம் பக்கத்தில் லேசில்லை. சீரைத் திருப்பி அனுப்பினால் அது மினிமலிசத்தோடு நிற்காது, சண்டையில் போய் முடியும். வேண்டாம் என்பதற்குப் பதிலாக 'இதுவாகக் கொடுங்கள்' என்று சொல்லலாம். 'இந்த வருடம் பொங்கப்படிக்கு ஏனம் வேண்டாம்மா, கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, அரிசி, வெல்லம் போதும். மிச்சப் பணத்தைப் பேத்தி பேரில் தபால் ஆபீஸில் போட்டுவிடு' என்று உங்கள் அம்மாவிடம் மார்கழிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாத்திரம் வாங்கிய பிறகு சொன்னால் மனசு சங்கடப்படும். உங்கள் வீட்டு விசேஷம் வரும்போது நீங்களே வழக்கத்தை மாற்றிக் காட்டலாம். தாம்பூலப் பையில் சம்படத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி வைத்துக் கொடுத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. தின்று தீர்ந்துவிடும், அடுக்களையில் இடத்தை அடைக்காது.

இனி அத்தை விஷயம். இதை நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நீங்கள் சறுக்கக்கூடிய இடம் இதுதான். அத்தை வளர்ந்த வீடு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். தார்சா, பட்டாசல் என்ற முன்கட்டுகளைத் தாண்டி உள்ளே போனால் இருட்டாக ஒரு அரங்கு, அதாவது சாமான் வைக்கும் உள்ளறை, இருந்திருக்கும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். அறுவடையில் வந்த நெல்லைக் குலுக்கை என்ற குதிரில் கொட்டி அடுத்த அறுப்பு வரை காப்பாற்ற வேண்டும். புளி, வத்தல், பயறு எல்லாம் அந்தந்தப் பருவத்தில் வாங்கி வருடம் முழுக்க வைத்துக்கொள்வது. அந்த வீட்டில் சேர்த்து வைக்கத் தெரியாத பெண்ணுக்குக் கெட்டிக்காரி என்ற பெயர் கிடைத்திருக்காது. அவர்கள் புத்தி சரிதான். அரங்கு இல்லாத வாடகை வீட்டுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். 'தேவையில்லாததை ஏன் வைத்திருக்கீங்க' என்று நீங்கள் கேட்கும்போது அவர்கள் காதில் வேறு மாதிரி விழும்.

கையில் இருக்கும் பொருளை விட மனம் வராதது வயதானவர்களுக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படியென்றால், நாற்பது வருடம் கூடவே இருந்த போணிப் பாத்திரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் இருக்கிறது என்பதே ஒரு பொருளின் விலையை ஏற்றிவிடுகிறது. அதனால் உங்கள் சாமானைப் பார்க்கும்போது 'இதை வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்காதீர்கள். 'இது என்னிடம் இல்லாமல் இன்றைக்குக் கடையில் இருந்தால் வாங்குவேனா, எவ்வளவுக்கு' என்று கேளுங்கள். பதில் சட்டென்று வரும்.

அத்தையின் சாமானில் கை வைக்காதீர்கள். அவர்கள் ஊருக்குப் போயிருக்கும் சமயம் பார்த்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு காலி டப்பா வெளியே போவதற்குக்கூடப் பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும். உங்கள் துணி, உங்கள் கைப்பை, உங்கள் கணவரின் பழைய சார்ஜர், ஒயர்கள் இவற்றிலிருந்து தொடங்குங்கள். மருமகள் தன் பங்கைக் குறைப்பதைப் பார்த்துச் சில மாமியார்கள் தாங்களாகவே ஒரு மூட்டையை எடுத்து முன்னால் வைப்பார்கள். வைக்காவிட்டாலும் போகட்டும்.

அத்தையே மனம் மாறிப் பழைய பாத்திரத்தைப் போடலாம் என்றால் அவசரப்படாதீர்கள். வெண்கலமும் பித்தளையும் வேறு. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலப் பானையைப் பித்தளை விலைக்கு நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால் நஷ்டம். டவுன் ரத வீதிகளில் இரண்டு பாத்திரக் கடைகளிலாவது காட்டி விலை கேளுங்கள். வைத்துக்கொள்வதென்றால் புழங்குங்கள். வெண்கலப் பானையில் பொங்கல் வைத்தால் வருகிற பக்குவம் குக்கரில் வராது என்பது என் கட்சி. பித்தளையில் மட்டும் வெள்ளீயம் பூசாமல் புளி சேர்ந்த எதையும் வைக்காதீர்கள்.

பெரிய அண்டா, தாம்பாளம், சருவம் இவையெல்லாம் கோயில் கொடை விழாவுக்கும், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கலிடவும் என்று வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. வருடத்தில் ஒரு நாள் வேலை. சொக்காரர் (பங்காளி) வீடுகள் நாலைந்து சேர்ந்து ஒரே ஒரு செட்டை, ஊரில் இடவசதி உள்ள வீட்டில் வைத்துக்கொண்டால் போதும். அதுவும் ஒத்துவராவிட்டால் வாடகைப் பாத்திரக் கடை இருக்கவே இருக்கிறது.

வாங்குவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மளிகைச் சிட்டை எழுதுகிற மாதிரி, வாங்க நினைக்கும் பொருளுக்கு நேரே இரண்டு குறிப்பு எழுதுங்கள்: எங்கே வைப்பது, அதற்காக எது வெளியே போகும். இரண்டையும் எழுத முடியாவிட்டால் அந்த மாதம் வாங்க வேண்டாம். தள்ளுபடி முடிந்துவிடுமே என்றால் முடியட்டும், அடுத்த ஆடியும் வரத்தான் போகிறது.

உங்கள் கணவருக்குக் கணக்கு பிடிக்குமானால் இதைக் காட்டுங்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குப் பன்னிரண்டாயிரம் வாடகை என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு மாதம் பன்னிரண்டு ரூபாய். பத்துக்குப் பத்து அறை ஒன்று சாமான் அறையாகிவிட்டால் மாதம் 1,200, வருடத்துக்கு 14,400 ரூபாய் அந்தச் சாமானுக்கு வாடகை. உள்ளே இருப்பதை எல்லாம் நிறுத்துப் போட்டாலும் அந்தப் பணம் வருமா என்று அவரையே கேளுங்கள்.

எல்லாவற்றையும் குறைக்க வேண்டும் என்பதும் இல்லை. வருடத்துக்கான புளியை மாசி பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் வைக்கிறீர்கள் என்றால் வையுங்கள். அது சிக்கனம், குப்பை இல்லை. துவரம்பருப்பையும் பயறையும் மட்டும் அப்படி மொத்தமாகச் சேர்க்காதீர்கள், வண்டு விழுந்துவிடும். பத்தமடைப் பாயையும் விட்டுவிடாதீர்கள். விருந்தாளிக்கென்று ஒரு கட்டில் வாங்கினால் வருடம் முழுக்க அது அறையை அடைத்துக்கொண்டு நிற்கும், அதன்மேல் மடிக்காத துணி ஏறும். நாலு பாய் சுருட்டி மூலையில் சாத்தினால் சாண் இடம் போதும், நாலு பேர் படுக்கலாம். வெள்ளைச் சுவரும் காலி மேசையுமாகப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் இந்தப் பாயைப் பார்த்ததில்லை போலும்.

வெளியேற்றும்போது எதை எங்கே அனுப்புவது என்பதையும் யோசித்துச் செய்யுங்கள். போட்டுக்கொள்ளும் நிலையில் உள்ள துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, அளவு எழுதிக் கொடுங்கள். சந்தீப் நந்தூரி நெல்லை ஆட்சியராக இருந்தபோது பாளையங்கோட்டையில் 'அன்புச் சுவர்' என்று ஒன்று திறந்தார்கள். வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இடங்களில் எடுக்க ஆளில்லாமல் கிடப்பது கிழிந்ததும் அழுக்கானதும்தான். கிழிந்ததைக் கரித்துணியாக்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஆற்றில் விடாதீர்கள். தோஷம் போகும் என்று பாபநாசத்தில் விட்டுவிட்டு வருகிற துணியைத் தாமிரபரணியிலிருந்து டன் கணக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பழைய செல்போன், உப்பிப்போன பேட்டரி, கெட்டுப்போன சார்ஜர் இவற்றைக் குப்பை வண்டியிலும் போடாதீர்கள். உப்பிய பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி மின்னணுக் கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியாகக் கையாளும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. புதுசு வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஐப்பசிக்குள் இந்த வேலையின் முதல் சுற்றை முடித்துவிட்டால் நல்லது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது பலர் பட்ட பாடு நினைவிருக்கும். தரையில் மூட்டை மூட்டையாகச் சாமான் கிடந்தால், எதை முதலில் தூக்குவது என்று யோசிப்பதற்குள் தண்ணீர் ஏறிவிடும். வெள்ளம் வராத மேட்டுப் பகுதியானாலும் அடைமழையில் பரணிலிருக்கும் அட்டைப்பெட்டி ஈரம் இழுக்கும், கரையான் ஏறும்.

காகிதத்தில் மட்டும் ஒதுக்குகிற வேகத்தைக் காட்டாதீர்கள். பத்திரம், பட்டா, தீர்வை ரசீது, பிறப்பு இறப்புச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், நகைக்கடன் மீட்ட ரசீது எல்லாவற்றையும் ஒரே தகரப் பெட்டியில் போட்டு, எட்டும் உயரத்தில், தரையைவிட்டு மேலே வையுங்கள். கிடைக்கும் சான்றுகளை டிஜிலாக்கர் என்ற அரசு செயலியில் ஏற்றுங்கள். அத்தையின் கணவர் காலத்துக் குத்தகைச் சீட்டு, பழைய வில்லங்கச் சான்று என்று மஞ்சள் பையில் ஏதாவது சுருட்டி வைத்திருந்தால், பிரித்துப் படித்துப் பார்க்காமல் ஒரு தாளும் வெளியே போக வேண்டாம்.