மினி என்ஜின் உதிரிகள்: எது எவ்வளவு கனம்?

பழைய மினி கார்களில் வரும் ஏ சீரிஸ் என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, எடை விஷயத்தில் குழம்பியவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே. நடுவில் வேறு சின்ன கார்களும் வரும்.

கேள்வி: சார், என்ஜினைக் கியர்பாக்ஸோடு வெளியே எடுக்கப் போகிறேன். ஒருவர் 150 கிலோ என்கிறார், இன்னொருவர் 100 கூட வராது என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரும் சரியாகவே சொல்லியிருக்கலாம். மினியில் கியர்பாக்ஸ் தனியாக இல்லை, என்ஜினுக்கு அடியில் சம்பு எனும் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. கிளட்ச், டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாம் மாட்டிய நிலையில் மொத்தமும் 150 கிலோவை ஒட்டி வரும். 100 என்றவர் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு எடை போட்டிருப்பார். எண்ணெய் மட்டுமே 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும், அதுவே 4 கிலோவுக்கு மேல். அதனால் யார் எந்த எண்ணைச் சொன்னாலும், எதையெல்லாம் சேர்த்து எடை போட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். அது தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தூக்குவதற்கு அரை டன் தாங்கும் செயின் பிளாக் போதும். தரையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கி நிறுத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: பழைய ஆங்கிலக் குறிப்பில் 3 ஹண்ட்ரட்வெயிட் என்று இருக்கிறது. 300 பவுண்டா?

இல்லை. பிரிட்டிஷ் கணக்கில் ஒரு ஹண்ட்ரட்வெயிட் 112 பவுண்டு, அதாவது 50.8 கிலோ. மூன்று என்றால் 152 கிலோ. அமெரிக்கக் கணக்கில்தான் அது 100 பவுண்டு.

கேள்வி: அண்ணா, ஃப்ளைவீலில் 2 கிலோ கடைந்து எடுத்தால் வண்டியில் வித்தியாசம் தெரியுமா?

ஃப்ளைவீல் என்பது என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம். அதில் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுழலும் பொருளில் எடையைவிட, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் விளைவு நான்கு மடங்கு. நடுவில் துளை போட்டு எடையைக் குறைத்தேன் என்று சந்தோஷப்படுவதில் பலன் குறைவு. விளிம்புப் பக்கம் எடுத்தால்தான் என்ஜின் சட்டென்று சுழலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி 2 கிலோ எடுக்கிறோம். முதல் கியரில் மொத்த விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) சுமார் 12, பத்து அங்குலச் சக்கரத்தின் உருளும் ஆரம் டயரோடு சேர்த்து 25 செ.மீ. என்று வையுங்கள். வேகம் பிடிக்கும்போது மட்டும் பார்த்தால், காரிலிருந்து 66 கிலோ இறங்கியது போல இருக்கும். ஓர் ஆளையே இறக்கிவிட்ட மாதிரி. ஆனால் டாப் கியரில், விகிதம் 3.5 எனும்போது, அதே வேலைக்கு 5.6 கிலோ அளவுதான் பலன். நகரத்தில் கியர் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்குத் தெரியும், நெடுஞ்சாலையில் தெரியாது.

இழப்பும் உண்டு. ஐடிலிங் நடுங்கும், மேட்டில் வண்டியைக் கிளப்பும்போது என்ஜின் அணைந்து போகும். அப்புறம், வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை ஆசைக்கு மெலிதாக்காதீர்கள். அதிக வேகத்தில் அது வெடித்துச் சிதறினால் கிளட்ச் கவர் தடுக்காது. இலேசானது வேண்டுமென்றால் ஸ்டீலில் செய்ததை வாங்குவதுதான் என் கட்சி.

கேள்வி: நாலு பிஸ்டனில் ஒன்று மட்டும் 9 கிராம் கூடுதல். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். 1275 சிசி என்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 81.28 மி.மீ. நிமிடத்துக்கு 6000 சுற்றில், பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் கணத்தில் புவியீர்ப்பைப் போல சுமார் 2000 மடங்கு முடுக்கம் வருகிறது. அப்போது 9 கிராம் 18 கிலோவாக இழுக்கும். அதுவும் ஒரே சிலிண்டரில். நாலு சிலிண்டர் வரிசை என்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போக இரண்டு கீழே வருவதால்தான் அடிப்படை அதிர்வு ஒன்றையொன்று சரிக்கட்டுகிறது. நாலும் ஒரே எடையாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். மிக இலேசானதை அளவாக வைத்து, மற்ற மூன்றையும் அதற்கு இறக்குங்கள். ஓரிரண்டு கிராமுக்குள் வந்தால் போதும். பிஸ்டனின் தலையில் கை வைக்காமல், உள்பக்கம் பின் துளையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியில் எடுங்கள்.

கேள்வி: கனெக்டிங் ராடையும் அப்படியே மொத்த எடை பார்த்தால் போதுமா?

போதாது. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட் எனும் சுழலும் தண்டோடு இணைப்பதுதான் இந்த ராடு. அதன் பெரிய முனை சுழல்கிறது, சின்ன முனை மேலும் கீழும் போகிறது, இரண்டும் வேறு வேறு வேலை. சின்ன முனையைத் தாராளமாக ஆடும்படி தாங்கி, பெரிய முனையைத் தராசில் வைத்து, ராடு கிடைமட்டமாக இருக்கும்போது எடையைக் குறியுங்கள். பிறகு திருப்பிப் போட்டு அடுத்த முனை. இரண்டையும் கூட்டினால் மொத்த எடை வர வேண்டும், வராவிட்டால் ராடு மட்டமாக இல்லை, அல்லது எங்கோ உரசுகிறது. பெரிய முனையின் தொப்பியும் போல்ட்டும் அதனதன் ராடோடு மாட்டியிருக்கட்டும்.

கேள்வி: சிலிண்டர்களை மேலே மூடும் வார்ப்பிரும்பு ஹெட்டுக்குப் பதில் அலுமினியம் போட்டால் எவ்வளவு மிச்சம்?

வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2, அலுமினியம் 2.7. பழைய ஹெட் 12 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதே வடிவம் அலுமினியத்தில் 4.5 கிலோ. ஆனால் சுவர்களைத் தடிப்பாக வார்க்க வேண்டும், வால்வு சீட்டும் கைடும் தனியாக வைத்து இறுக்க வேண்டும். அதனால் பாதி மிச்சமானால் நல்லது. சுமார் 600 கிலோ காரில் 6 கிலோ என்பது மூக்குப் பக்கம் குறைவதால் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். எடைக்காக மட்டும் அந்தச் செலவு வேண்டாம். 1963-இல் வந்த ஹில்மேன் இம்ப் கார் போல என்ஜின் பிளாக்கும் சேர்ந்து அலுமினியமாக இருந்தால் கதை வேறு.

கேள்வி: ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் கிராங்க் கேஸ் கையில் எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கிறதே?

கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றியிருக்கும் அந்தக் கூடு மக்னீசியக் கலவை. அடர்த்தி 1.8 அளவுதான், அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல்தான். கிரைண்டர் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: பெரிய தராசு இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டைப் பார்சல் அனுப்ப எடை வேண்டும்.

குளியலறைத் தராசில் நீங்கள் ஏறிப் பாருங்கள், பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்தால் வந்துவிடும். அரை கிலோ முன்னே பின்னே இருக்கும், பார்சலுக்கு அது போதும். 1275 கிராங்க் என்றால் 10 கிலோவை ஒட்டி வரும். பெட்டியும் மரக்கட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஜர்னல்களை, அதாவது பேரிங்கில் சுழலும் வழவழப்பான பகுதிகளை, எண்ணெய்த் துணியால் சுற்றிவிட்டு அனுப்புங்கள்.