நோட்டீஸ் டெக்சாஸிலிருந்து, பையன் நியூ ஜெர்சியில்

கேள்வி: டாலஸில் இருந்தோம். கணவர் கை நீட்ட ஆரம்பித்ததால், ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு நான்கு மாதம் முன்பு நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். போன வாரம் டெக்சாஸ் கோர்ட்டிலிருந்து விவாகரத்து, கஸ்டடி நோட்டீஸ் வந்திருக்கிறது. "இன்னும் ரெண்டு மாசம் பேசாம இரு. ஆறு மாசம் ஆயிட்டா இந்த ஊர் கோர்ட்தான் விசாரிக்கணும்" என்கிறார் அண்ணன். அப்படியே இருந்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் சகோதரி. அண்ணன் பாசத்தில் சொல்கிறார். ஆனால் அந்த யோசனையைக் கேட்டால் பையனையே இழக்க நேரலாம்.

முதலில் அந்த நோட்டீஸை எடுத்து நன்றாகப் படியுங்கள். கையில் கிடைத்து 20 நாள் கழிந்து வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் எழுத்தில் பதில் தாக்கல் செய்யச் சொல்லியிருக்கும். டெக்சாஸ் விதி அது. அந்தத் திங்கள் தாண்டிவிட்டால், நீங்கள் இல்லாமலேயே அவர் கேட்டதைக் கோர்ட் கொடுத்துவிட முடியும். உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. காலண்டரில் இப்போதே அந்தத் தேதியை வட்டம் போடுங்கள்.

சரி, ஆறு மாதக் கணக்குக்கு வருவோம். அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. கஸ்டடி வழக்கை எந்த மாநிலக் கோர்ட் விசாரிக்கலாம் என்று சொல்ல, யூ.சி.சி.ஜே.இ.ஏ. என்று 1997-இல் எழுதப்பட்ட மாதிரிச் சட்டம் ஒன்று உண்டு. டெக்சாஸ், நியூ ஜெர்சி உட்பட ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அதை ஏற்றிருக்கின்றன. வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய ஆறு மாதமும் குழந்தை தொடர்ந்து எங்கே வாழ்ந்ததோ, அதுதான் 'ஹோம் ஸ்டேட்', அதாவது குழந்தையின் சொந்த மாநிலம்; விசாரிக்கும் முதல் உரிமை அந்த மாநிலக் கோர்ட்டுக்குத்தான். கணக்கு அந்த நாளோடு நின்றுவிடும். இனி நீங்கள் இரண்டு வருடம் காத்திருந்தாலும் அது நகராது. அதுவும் தவிர, குழந்தை ஊரை விட்டுப் போனாலும் ஒரு பெற்றோர் அங்கேயே இருந்தால், ஆறு மாதத்துக்குள் அவர் பழைய மாநிலத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். உங்கள் கணவர் செய்திருப்பது அதைத்தான்.

அவர் கை நீட்டியதை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கோர்ட்டுக்கும் அது முக்கியம். பையன் இப்போது நியூ ஜெர்சியில் இருப்பதால், அவனுக்கோ உங்களுக்கோ வன்முறையால் ஆபத்து என்றால் இங்குள்ள கோர்ட் தற்காலிக அவசர உத்தரவு போடலாம். பையன் மேல் அடி விழுந்திருக்க வேண்டும் என்பதில்லை, தாய்க்கு நடந்ததையும் சட்டம் சேர்த்தே பார்க்கிறது. டெக்சாஸில் வழக்கு இருப்பதால் இரண்டு நீதிபதிகளும் உடனே ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். இந்த உத்தரவு கொஞ்ச காலத்துக்குத்தான், வழக்கே இங்கே வந்துவிடாது.

வழக்கை இங்கே மாற்றவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதையும் டெக்சாஸ் கோர்ட்டிடம்தான் கேட்க வேண்டும். வீட்டில் வன்முறை நடந்ததா, இரண்டு ஊருக்கும் எவ்வளவு தூரம், யாருக்குப் பண வசதி, சாட்சிகள் எங்கே என்றெல்லாம் பார்த்து, நியூ ஜெர்சியே பொருத்தம் என்று அவர்கள் விட்டுக்கொடுக்கலாம். விட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால் காயத்தின் போட்டோ, அவர் அனுப்பிய மெசேஜ், டாக்டர் சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

பையன் ஐந்து வருடமாக எங்கெங்கே, யாரோடு இருந்தான் என்று சத்தியம் செய்து எழுதித்தர வேண்டியிருக்கும். உயிர் பயம் இருந்தால் விலாசத்தை ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம், சட்டத்தில் இடம் உண்டு. அப்புறம், இந்த நேரத்தில் பையனோடு இந்தியாவுக்கோ வேறு மாநிலத்துக்கோ கிளம்பிவிடாதீர்கள்.

டெக்சாஸில் வழக்காடும் குடும்பநல வக்கீல் ஒருவர் இந்த வாரமே வேண்டும். கையில் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவி கேளுங்கள். தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, எந்த நேரமும் கூப்பிடலாம். வக்கீலிடம் பேசும்போது நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.